சென்ட்ரல் பக்கத்துக் கருங்கல் கட்டடம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் ஓய்வூதியம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "நான் 31 வருஷம் வேலை பார்த்தது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் அந்தக் கருங்கல் கட்டடத்தில்தான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

வாசகி, அரக்கோணம்: இருபது வருஷமாக மின்சார ரயிலில் வந்து போகிறேன். அதைக் கோர்ட் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது என்ன?

தெற்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம், அம்மா. நீங்கள் ஏறி வந்த ரயிலின் கால அட்டவணையும், அதை ஓட்டியவரின் பதவி உயர்வும், உங்கள் சீசன் டிக்கெட்டின் விதிகளும் அங்கே ஏதோ ஒரு மேசையைத் தொட்டுத்தான் வந்திருக்கும். வேலை செய்கிறவர்கள் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' என்போம். மற்ற ஊர் ரயில்வேக்காரர்களுக்கு அது 'ஜி.எம். ஆபீஸ்', அதாவது ஜெனரல் மேனேஜர் அலுவலகம். என் காலத்தில் வயதான ஓய்வூதியர்கள் சிலர் 'எம்.எஸ்.எம். ஆபீஸ்' என்றே சொல்வார்கள். அந்தப் பெயர்தான் சரியான பெயர் என்று எனக்குத் தோன்றும். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கோர்ட் என்று நினைத்தது நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. அந்த வட்டாரத்தில் கண்ணை இழுக்கும் கட்டடங்கள் அதிகம். செக்கச் செவேலென்று 1873-ல் திறந்த சென்ட்ரல், தூய வெள்ளையில் 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை, அதன் பக்கத்திலேயே விக்டோரியா பொது மண்டபம். இவற்றுக்கிடையே சாம்பல் நிறக் கருங்கல்லில், உச்சியில் குவிமாடங்களோடு நிற்கிற இது 1922-ல் திறக்கப்பட்டது. சிவப்பும் வெள்ளையும் பார்த்த கண்ணுக்குச் சாம்பல் சட்டென்று படாது. மேலும் அந்த இடத்தில் யாருக்கும் நிற்க நேரம் இல்லை. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குழந்தை, ரயிலுக்கு ஏழு நிமிஷம் என்று ஓடுகிற இடம் அது.

வாசகர், பெரம்பூர்: என் அப்பா எதற்கெடுத்தாலும் "கம்பெனி காலத்தில் இப்படியா இருந்தது" என்பார். ரயில்வே அரசாங்கத்துடையது இல்லையா? எந்தக் கம்பெனி?

உங்கள் அப்பா சொன்னது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே கம்பெனி. சுருக்கமாக எம்.எஸ்.எம். நான் சொன்ன கட்டடம் அந்தக் கம்பெனி தனக்காகக் கட்டிக்கொண்டது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் நாட்டில் முதலில் பயணிகள் ரயில் விட்டது அரசாங்கம் அல்ல, லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய தனியார் கம்பெனிகள். பம்பாய்–தானே ரயில் 1853 ஏப்ரல் 16-ல் ஓடியது. இங்கே மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், போனது.

அந்தக் கம்பெனிகளுக்கு அன்றைய ஆட்சி கொடுத்த சலுகையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கும். நிலம் 99 வருஷக் குத்தகைக்கு இலவசம். அதோடு, போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத அளவில் வட்டி உத்தரவாதம். ரயில் சம்பாதித்தால் அந்த வருமானத்திலிருந்து வட்டி போகும். சம்பாதிக்காவிட்டால் குறைகிற தொகையை இந்திய வருவாயிலிருந்து கொடுத்துவிடுவார்கள். இந்திய வருவாய் என்றால் பெரும்பகுதி நிலவரி. அதாவது, ரயிலையே பார்த்திராத ஒரு விவசாயி கட்டிய கிஸ்தி, லண்டனில் பங்குப் பத்திரம் வைத்திருந்தவருக்கு வட்டியாகப் போனது. தாதாபாய் நௌரோஜியும் ரொமேஷ் சந்தர் தத்தும் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள்.

1907 முடிவில் மெட்ராஸ் ரயில்வேயின் பாதைகளை அரசாங்கம் வாங்கியது. வாங்கிவிட்டுத் தானே நடத்தவில்லை. 1908-ல் சதர்ன் மராட்டா கம்பெனியோடு சேர்த்து, நிர்வாகத்தை எம்.எஸ்.எம். என்ற புதிய கம்பெனியிடம் கொடுத்தது. பாதை அரசாங்கத்துடையது, நடத்துகிறவர் கம்பெனி. இயக்குநர்கள் லண்டனில் கூடுவார்கள். இங்கே அவர்கள் சார்பில் இருக்கும் தலைவருக்கு 'ஏஜென்ட்' என்று பெயர். இன்றைய ஜெனரல் மேனேஜரின் முன்னோடி அந்த ஏஜென்ட்தான்.

அப்புறம் 1944 ஏப்ரல் 1-ல் அரசாங்கம் நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14-ல் எம்.எஸ்.எம்., எஸ்.ஐ.ஆர். என்கிற தென்னிந்திய ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே மூன்றையும் இணைத்துத் தெற்கு ரயில்வே பிறந்தது. சுதந்திர இந்தியாவில் அமைந்த முதல் ரயில்வே மண்டலம் இதுதான். ஆகவே உங்கள் அப்பா சொன்ன 'கம்பெனி காலம்' 1944-க்கு முற்பட்டது. அவர் அதில் நல்லதைக் கண்டிருக்கலாம். நேரம் தவறாமை, சீருடை, ஒழுங்கு எல்லாம் இருந்தன. வட்டிக் கணக்கும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

கல்லூரி மாணவி, ராயபுரம்: இந்தக் கட்டடம் 1922-ல்தான் வந்தது என்றால் அதற்கு முன் தலைமையகம் எங்கே இருந்தது?

உங்கள் ஊரில்தான், கண்ணு. ராயபுரத்தில். இதை உங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாதது எனக்கு வருத்தம். ராயபுரம் நிலையம் 1856-ல் வில்லியம் அடெல்பி ட்ரேசியின் வடிவமைப்பில் எழுந்தது. பம்பாயிலும் தானேயிலும் முதன்முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. ராயபுரம் நிற்கிறது. 2005-ல் புதுப்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் முன்புறத்துத் தூண்களைப் பாருங்கள். முதல் நிலையம் கடற்கரைக்குப் பக்கத்தில் அங்கே அமைந்தது. பிறகு நகரம் மேற்கே நகர்ந்தது, சென்ட்ரல் வந்தது, பயணிகள் அங்கே போனார்கள், கடைசியில் அலுவலகமும் பின்னாலேயே போனது.

வாசகர், பெங்களூரு: கட்டியது யார்? வெள்ளைக்காரக் கான்ட்ராக்டரா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கட்டியவர் உங்கள் ஊர்க்காரர், ஐயா. பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் டி. சாமிநாத பிள்ளை. வரைபடம் கம்பெனியின் கட்டடக் கலைஞர் என். கிரேசனுடையது. 1915-ல் அடிக்கல், 1922 டிசம்பரில் திறப்பு விழா. அடிக்கல் போடும்போதே முதல் உலகப் போர் தொடங்கியிருந்தது, வேலை நடுவில் இருக்கும்போதுதான் அது முடிந்தது.

சாமிநாத பிள்ளையின் கை இந்தக் கட்டடத்தோடு நிற்கவில்லை. 1908-ல் திறந்த எழும்பூர் நிலையமும் அவர் கட்டியதுதான். அதற்கு வரைபடம் ஹென்றி இர்வின், செலவு 17 லட்சம் ரூபாய். எழும்பூர் எஸ்.ஐ.ஆர். கம்பெனிக்குச் சொந்தம், இது எம்.எஸ்.எம்.முக்குச் சொந்தம். இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாகத் தேடிப்போன கை ஒன்றே. எழும்பூரின் சிவப்புச் செங்கல்லையும் இதன் சாம்பல் கருங்கல்லையும் பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒப்பந்தக்காரரின் வேலை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்து பதினைந்து வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது எழும்பூரில் இறங்கி, வெளியே வந்து, நின்று பார்த்துவிட்டுப் போனேன்.

ஒப்பந்தக்காரர் பெயராவது நமக்குக் கிடைத்திருக்கிறது. கல் உடைத்தவர்கள், உளி பிடித்தவர்கள், சாரத்தில் ஏறியவர்கள், கூடை சுமந்த பெண்கள் யாருடைய பெயரும் இல்லை. மழை நாளில் தாழ்வாரத்து ஓரம் நின்று சாப்பிடும்போது சுவரில் கை வைத்துப் பார்ப்பேன். பளபளப்பாக இழைக்காத இடங்களில் உளி கொத்திய தடம் விரலுக்குத் தட்டுப்படும். ஒவ்வொரு தடமும் ஒருவருடைய ஒரு அடி. அதைத் தொட்டுப் பார்க்காமல் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

கல் என்றதும் இன்னொன்று. சென்னையில் தண்டவாளம் முதன்முதலில் போடப்பட்டது மனிதர்களை ஏற்ற அல்ல, கல்லை ஏற்றத்தான். 1837-ல் ஆர்தர் காட்டன் முயற்சியில் செங்குன்றத்திலிருந்து சாலை போடுவதற்கான செம்புரைக்கல்லைக் கொண்டுவர ஒரு சிறு பாதை போட்டார்கள். பம்பாய் ரயிலுக்குப் பதினாறு வருஷம் முன்பு. இந்த ஊரில் ரயிலும் கல்லும் அவ்வளவு பழைய கூட்டாளிகள்.

வாசகி, மாட்டுங்கா, மும்பை: இங்கே சி.எஸ்.எம்.டி. என்கிற சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் நிலையமும் தலைமையகமும் ஒரே கட்டடம். சென்னையில் மட்டும் ஏன் தனியாக?

நீங்கள் சொல்லும் கட்டடம் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனியுடையது. எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது. 1878-ல் தொடங்கிப் பத்து வருஷம் கட்டினார்கள். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே தொடக்கத்திலேயே அலுவலகத்தையும் நிலையத்தையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் புலி. சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா. நம்மையும் ஒரு தூணில் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே கணக்கு எழுதினார்கள்.

சென்ட்ரல் கதை வேறு. அது 1873-ல் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி கட்டிய நிலையம். ஜார்ஜ் ஹார்டிங் தொடங்கி ராபர்ட் சிஷோம் கைவைத்தது. எம்.எஸ்.எம். பிறந்ததே அதற்கு 35 வருஷம் கழித்து. தார்வாட், ஹூப்ளி பக்கத்துச் சதர்ன் மராட்டா பாதைகளும் சேர்ந்துவிட்ட பெரிய கம்பெனிக்கு ஏற்கெனவே நின்றிருந்த நிலையத்துக்குள் எப்படி இடம் இருக்கும்? தனியாகத்தான் கட்ட வேண்டும்.

உங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல ஜோடி உண்டு. சர்ச்கேட் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மேற்கு ரயில்வே தலைமையகத்தைப் பாருங்கள். அது பி.பி.சி.ஐ. என்கிற பம்பாய், பரோடா அண்ட் சென்ட்ரல் இந்தியா ரயில்வே கம்பெனிக்காக அதே ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1899-ல் முடித்தது. நிலையம் ஒரு பக்கம், அலுவலகம் ஒரு பக்கம். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்கள்.

வாசகர், திருச்சி: எங்கள் எஸ்.ஐ.ஆர். பற்றி எப்போதும் இரண்டாவதாகத்தான் பேசுகிறீர்கள். திருச்சிதான் ரயில்வே ஊர்.

கோபம் நியாயம், அண்ணா. ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கம்பெனியின் வேர் நாகப்பட்டினம். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1861-ல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் விட்டு, அடுத்த வருஷமே திருச்சியைத் தொட்டது. 1874-ல் கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து எஸ்.ஐ.ஆர். ஆனது. தலைமையகம் பிறகு திருச்சிக்கு வந்தது. 1928-ல் பொன்மலைப் பணிமனை வந்தது. ஒரு ஊரையே தூக்கி நிறுத்திய பணிமனை அது.

ஆனால் அதே 1928-ஐ நாகப்பட்டினத்துக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள். அங்கே இருந்த பணிமனை பொன்மலைக்குப் போய்விட்டது. ஆட்குறைப்பு வந்தது. எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவுத் தினத்தை உங்கள் ஊர் இன்றும் மறக்கவில்லை. கம்பெனிக் கட்டடங்களின் அழகைப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. ஆட்குறைப்பு உத்தரவும் இப்படி ஒரு கட்டடத்தில், இப்படி ஒரு மேசையில் தட்டச்சு ஆனதுதானே.

1951-ல் தலைமை சென்னைக்கு வந்துவிட்டது. திருச்சிக்குக் கோட்ட அலுவலகம் இருக்கிறது.

வாசகர், விழுப்புரம்: சென்ட்ரல், எழும்பூர் என்று இரண்டு நிலையம் எதற்கு? ஒன்றே போதாதா?

இரண்டு கம்பெனி, இரண்டு வெவ்வேறு அகலத்தில் தண்டவாளம். அவ்வளவுதான். சென்ட்ரல் பக்கம் பிராட்கேஜ், ஐந்தடி ஆறு அங்குலம். எழும்பூர் பக்கம் மீட்டர்கேஜ், ஒரு மீட்டர் அகலம். ஒன்றின் வண்டி மற்றதன் தண்டவாளத்தில் ஓட முடியாது. கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லிருந்து ஓடிய மீட்டர்கேஜ் மின்சார வண்டி 2004-ல்தான் நின்றது. கம்பெனிகள் போய் அறுபது வருஷம் ஆகியும் அவர்கள் போட்ட அகலம் நம்மை விடவில்லை.

வாசகி, தாம்பரம்: அந்த மாதிரி கட்டடத்தில் வேலை பார்த்தது எப்படி இருந்தது? உள்ளே முதல் நாள் நினைவிருக்கிறதா?

நன்றாக நினைவிருக்கிறது. 1979. அப்பா ஜோலார்பேட்டையில் ரயில் கார்டாக இருந்தார். பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. ஊழியர் விஷயங்களைப் பார்க்கும் பெர்சனல் பிராஞ்சில் டைப்பிஸ்ட். இருபத்தோரு வயசு. அம்மாவின் கைத்தறிப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் நுழைந்ததும் முதலில் பட்டது குளிர்ச்சி. வெளியே மே மாத வெயில். உள்ளே சுவர்கள் அவ்வளவு கனம் என்பதால் காலை முழுவதும் சூடு இறங்காது. கூரை வெகு உயரம். மின்விசிறிகள் நீளமான கம்பியில் தொங்கும். தாழ்வாரம் போய்க்கொண்டே இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிக் கதவுகள். என் நியமனக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். கோப்புகளைச் சுமந்து மேசைக்கு மேசை கொண்டுபோகும் ஒரு வயதான தப்தரி, காக்கிச் சட்டை, தோளில் கட்டுக் கோப்பு, என்னைப் பார்த்து, "யாரு பொண்ணும்மா நீ?" என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். கோப்புக் கட்டைக் கீழே வைத்துவிட்டார். "அவரோட செட்டில்மென்ட் பேப்பர் என் கையாலதாம்மா மேலே போச்சு" என்றார். செட்டில்மென்ட் என்றால் வேலையில் இருந்தவர் போனபின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணத்தைக் கணக்குத் தீர்ப்பது. அவரே என்னை என் பிரிவுவரை கொண்டுபோய் விட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கட்டடம் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. ரயில் ஓடுவது எஞ்சினால் என்று ஜோலார்பேட்டையில் வளர்ந்த நான் நினைத்திருந்தேன். உள்ளே வந்தபின்தான் தெரிந்தது, தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கேங்மேன் பாதையில் நடப்பதற்கும், அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பதற்கும், அவர் இறந்தால் பிள்ளைக்கு வேலை வருவதற்கும் எத்தனை பேர் எத்தனை தாளை நகர்த்த வேண்டியிருக்கிறது என்று. ஒரு தாள் ஒரு மேசையில் மூன்று வாரம் தூங்கினால் ஏதோ ஒரு ஊரில் ஒரு அடுப்பு மூன்று வாரம் எரியாது. எங்களுக்கே அப்படி நடந்திருக்கிறது. அப்பாவின் பணம் தொடர்பாக ஒரு அலுவலகத்தில் எங்கள் மனு எட்டு மாதம் காணாமல் கிடந்தது. அம்மா தாலியை அடகு வைக்க வேண்டியதில்லை, அது கழுத்தில் இல்லை. காதுத் தோட்டை வைத்தாள். அதனால்தான் என் மேசையில் செட்டில்மென்ட் கடிதம் எதுவும் அன்று மாலையைத் தாண்டித் தங்கியதில்லை. இதை 31 வருஷம் காப்பாற்றினேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்தால் மூர் மார்க்கெட். நடக்கிற தூரம். பழைய புத்தகக் கடைகளில் எனக்கு ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் கிடைத்தவைதான் இன்று என் அலமாரியில் பாதி. 1985 மே மாதம் அது தீயில் போயிற்று. மறுநாள் வேலைக்கு வரும்போது கரிப்பிடித்த சுவர்களைப் பார்த்தேன். இன்று அந்த இடத்தில்தான் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் இருக்கிறது. 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்று பெயர் மட்டும் மிச்சம். தீப்பிடித்து ஒரு ராத்திரியில் ஒரு கட்டடம் இல்லாமல் போகும் என்பதைக் கண்ணால் பார்த்தபிறகு, கருங்கல் கட்டடத்தின் மேல் எனக்கு அக்கறை இரண்டு மடங்கானது.

வாசகர், திருவள்ளூர்: பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாமா?

அலுவலகம் நடக்கிற இடம். வேலை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அது சரிதான். சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என ஆறு கோட்டங்களின் வேலை அங்கே நடக்கிறது. ஆனால் வெளியிலிருந்து பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். மாலை நாலரை, ஐந்து மணிக்குப் போங்கள். சாய்ந்த வெயிலில் சாம்பல் கல் வெளிர் மஞ்சளாக மாறும். நடுப்பகலில் பார்த்தால் கட்டடம் தட்டையாகத் தெரியும், மாலையில்தான் கல்லின் மேடு பள்ளம் நிழலோடு எழுந்து வரும்.

என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வருஷத்தில் ஒரு நாள், தெற்கு ரயில்வே பிறந்த ஏப்ரல் 14-ஐ ஒட்டி ஒரு விடுமுறை நாளில், தாழ்வாரங்களை மட்டுமாவது மக்களுக்குத் திறந்துவிடலாம். அந்தக் கட்டடத்துக்குத் தங்கள் வரியால் வழி செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் வாசல்படியை ஒருமுறைகூட மிதித்ததில்லை. உள்ளே இருந்தவள் என்ற முறையில் இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இதை எழுத்து மூலம் கேட்டும் இருக்கிறேன். மறுபடியும் கேட்பேன்.

வாசகி, குடியாத்தம்: என் தாத்தா 1930-களில் எம்.எஸ்.எம்.மில் ஃபிட்டர். அவருடைய பதிவேடு தலைமையகத்தில் கிடைக்குமா?

பெரும்பாலும் அங்கே இருக்காது. சர்வீஸ் ரிஜிஸ்டர் தொழிலாளி வேலை பார்த்த பணிமனையிலோ கோட்டத்திலோதான் இருக்கும். தாத்தா ஃபிட்டர் என்றால் முதலில் பெரம்பூர் பணிமனைகளை நினையுங்கள். எழுதிக் கேட்கும்போது முழுப் பெயர், அப்பா பெயர், வேலை, ஊர், ஏறத்தாழ எந்த வருஷங்கள் என்பதைத் தெளிவாகக் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். ஆனால் பழைய தனிநபர் கோப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம் என்பதால் நம்பிக்கையை அதிகம் வளர்த்துக்கொள்ளாதீர்கள்.

கம்பெனி பற்றிய அரசாங்கக் கடிதப் போக்குவரத்தை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் ரயில்வே கம்பெனிகள் பற்றிய தாள்கள் உண்டு. வீட்டில் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை முதலில் தேடுங்கள் என்பேன். பாஸ், பி.எஃப். சீட்டு, குரூப் போட்டோ எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வாசகர், ஜோலார்பேட்டை: எம்.எஸ்.எம்.ஆர். என்று எழுத்து பொறித்த பித்தளைப் பொத்தான் நாலு எங்கள் வீட்டில் இருக்கிறது. பாட்டனாரின் சீருடையிலிருந்து எடுத்தது. கறுத்துவிட்டது. எப்படிச் சுத்தம் செய்வது? யாரிடம் கொடுப்பது?

ஜோலார்பேட்டை என்று பார்த்ததும் உங்கள் கடிதத்தை முதலில் படித்தேன். பொத்தானைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, சாம்பல், பாலிஷ் எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும், எழுத்து போனால் அது வெறும் பித்தளை. கறுப்பு அப்படியே இருக்கட்டும். மெல்லிய பருத்தித் துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். ஈரம் படாமல் தனித்தனியாகத் துணியில் சுற்றி ஒரு சிறு டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்க்கும். டப்பாவுக்குள் ஒரு தாளில் பாட்டனாரின் பெயர், அவர் என்ன வேலை பார்த்தார், எந்த ஊரில், எந்த வருஷம் வரை என்று எழுதிப் போடுங்கள். பென்சிலில் எழுதுங்கள், மை பரவும்.

கொடுக்க விரும்பினால் பெரம்பூர் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்திலும் திருச்சி ரயில் அருங்காட்சியகத்திலும் விசாரியுங்கள். நாலில் ஒன்றை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாராவது எடுத்துக் காட்ட வேண்டுமே. அந்தத் தாளை எழுதி முடித்ததும் பாட்டனாரின் பெயரை எனக்கும் ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். அப்பா அந்த ஊரில்தான் கொடி பிடித்தார். வீட்டில் அவர் சொன்ன பெயர்களில் உங்கள் பாட்டனார் பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.